மில் புத்தகத்தில் எங்க பேர்

சேசு மரி சூசை

பெரியமட்டம் தோட்டம்,
மஸ்கெலியா.
15.8.1954

அன்பான தம்பி கஸ்பருக்கு,

அக்கா தெரேசா எழுதுறது. நானும் உன் மச்சானும் மக பிலோமினாவும் மாதா புண்ணியத்துல சுகம். மச்சானுக்கு மட்டும் மழைக்கு முழங்கால் வலி. அது வருஷா வருஷம் வர்ற விருந்தாளி, வந்தா மூணு மாசம் தங்கிட்டுத்தான் போகும். கொழும்புல உன் உடம்பு எப்படி இருக்கு? ஓட்டல் சோறு தின்னு தின்னு இன்னும் இளைச்சிருப்பே.

நீ வேலை பார்க்கிற நவநிதி டிரஸ்டோட 'சேமிப்பாளர் செய்தி' வந்து சேர்ந்துச்சு. இன்னைக்கு மாதா திருநாள் பூசை முடிஞ்சதும் பிள்ளைக்காம்பராவுலயே எல்லாரையும் உட்கார வச்சு வாசிச்சேன். தொட்டில்ல பிள்ளைங்க தூங்குறதால மெதுவாத்தான் வாசிக்கணும். ஆனா நம்ம டிரஸ்ட் திருச்சிப் பக்கம் ஒரு நூல் மில்லுல பங்கு வாங்கிருச்சு, சேமிப்புப் போட்ட ஒவ்வொருத்தர் பேரும் அந்த மில் புத்தகத்துலயே பதிஞ்சிருக்குன்னு வாசிச்சதும், ராக்காயி ஓன்னு கத்தி நாலு பிள்ளைங்களை எழுப்பிவிட்டுட்டா. "என் பேரா? மில்லு புத்தகத்துலயா? திரும்ப வாசிங்க"ன்னு மூணு தடவை வாசிக்க வச்சா. வீரய்யா கங்காணிகூட நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போனாரு. நான் சொல்லித்தானே பதினோரு குடும்பமும் இதுல சேர்ந்தாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஒண்ணே ஒண்ணு. "இதனால் சகல சேமிப்பாளர்களுக்கும் அறியத்தருவது யாதெனில்"னு எழுதுறியே, இதென்ன கோர்ட்டு ஓலையா? மனுசங்க பேசுற மாதிரி எழுதேன்.

பெரிய செய்தி கடைசியில வச்சிருக்கேன். பிலோமினாவுக்குக் கண்டியில கன்னியாஸ்திரிங்க நடத்துற உபாத்தியாயர் பயிற்சிக்கு இடம் கிடைச்சிருக்கு! அடுத்த வருஷம் ஆகஸ்டுல சேரணும். ஆனா இலங்கைப் பிரசைதான்னு பிரசாவுரிமைச் சீட்டுக் காட்டணுமாம். மச்சான் அம்பத்தொண்ணுல எங்க மூணு பேர் பேரையும் போட்டுக் கொடுத்த மனு இன்னும் விசாரணைக்கு வரல. அது கிடைச்சுட்டா நம்ம குடும்பத்துல தேயிலைக் கொழுந்துக்கூடை சுமக்காத முதல் பொம்பளை இவதான். ஜெபத்துல நினைச்சுக்கோ.

அன்புள்ள அக்கா,
தெரேசா

*

செட்டியார் தெரு,
கொழும்பு.
2.9.1954

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். நான் சுகமாக இருக்கிறேன். மச்சானின் முழங்காலுக்கு ஒரு தைலம் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன்.

பிலோமினாவின் செய்தியை ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். மருமகள் டீச்சராகப் போகிறாள் என்று சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. பெரியமட்டத்துக்காரர்கள் செய்தியை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்று மனேஜர் ஐயாவிடம் சொன்னேன். அவருக்கும் திருப்தி.

என்னுடைய பிரசாவுரிமை விசாரணை அடுத்த மாதக் கடைசியில் என்று ஓலை வந்திருக்கிறது. தனி ஆள் என்பதால் சீக்கிரம் முடியலாம் என்கிறார்கள். அதற்காகச் சில காரியங்களைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

செய்தியை மனுசர் பேசுவது போல் எழுதத்தான் எனக்கும் ஆசை. மனேஜர் ஐயா விடமாட்டார்.

அன்புத் தம்பி,
கஸ்பர்

*

பெரியமட்டம் தோட்டம்
5.12.1954

அன்பான தம்பிக்கு,

அடேயப்பா! நீ பிரசை ஆகிட்டியாமே! அதை நீ எழுதாம, கொழும்புக்குப் போய்வந்த வீரய்யா கங்காணி மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஏன்டா, அக்காவுக்கு ஒரு வரி எழுத அவ்வளவு கஷ்டமா? இருந்தாலும் கோபமில்ல. கேட்டதும் சந்தோஷத்துல அழுதுட்டேன். மாதா சுரூபத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்தினேன். சுகமா இருக்கியா? இங்க பனி தாங்கல, எனக்குத்தான் சளி.

எப்படிடா இவ்வளவு சுருக்கா கிடைச்சுது? என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே? எங்களுக்கும் சொல்லிக்கொடு. மார்ச்சு முதலாந்தேதி ஹட்டனுக்கு வரச்சொல்லி மச்சானுக்கு ஓலை வந்திருச்சு. ராக்காயி வீட்டுக்கும் கங்காணி வீட்டுக்கும் அதே நாள்தான். நிலையான வருமானம் இருக்குன்னு காட்டணுமாம். தோட்டத்துச் சம்பளத்தை வருமானம்னு மதிப்பாங்களோ என்னவோ. அதனால எனக்கு ஒரு யோசனை. உன் 'சேமிப்பாளர் செய்தி' எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கி வச்சிருக்கேன். அச்சடிச்ச காகிதம், மில்லு படம் வேற போட்டிருக்கு. இதைக் கொண்டுபோய் வச்சா, ஏதோ கொழுந்து பறிச்சு அன்னன்னைக்குத் தின்னுற கூட்டம்னு நினைக்கமாட்டாங்கல்ல? நீ என்ன சொல்றே?

நவம்பர் செய்தியும் கிடைச்சுது. முதல் பக்கத்தை வாசிச்சேன். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல விலகினவங்க பட்டியல்னு போடுறியே, அதை நான் வாசிக்கிறதில்ல. போனவங்க போகட்டும், நமக்கென்ன.

சுருக்கா பதில் போடு.

அக்கா தெரேசா

*

கொழும்பு
20.1.1955

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நத்தார் பண்டிகையோடு வேலை அதிகம். உங்கள் சளி தீர்ந்ததா?

விசாரணைக்குப் பிலோமினாவின் பிறப்புச் சான்று, உங்கள் கலியாணப் பதிவு, தோட்டத்துரையின் கடிதம், இவை போதும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி மச்சானிடம் சொல்லுங்கள். காகிதங்கள் அதிகம் கொண்டுபோக வேண்டாம். 'சேமிப்பாளர் செய்தி' பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை அங்கே காட்ட வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நவம்பர் இதழின் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள் அக்கா. அச்சில் பிழை ஏதும் இருந்தால் எழுதுங்கள்.

மருமகளுக்கு என் அன்பு.

தம்பி,
கஸ்பர்

*

பெரியமட்டம் தோட்டம்
3.3.1955

அன்பான தம்பிக்கு,

நாங்க சுகம். நீயும் அப்படியே இருக்க மன்றாடுறேன். முந்தாநாள் விசாரணைக்குப் போய்வந்தோம். இன்னும் கால்வலி தீரல, அவ்வளவு நேரம் நின்னோம்.

விடியக்காலையே லொறியில போயிட்டோம். மச்சான் கலியாணக் கோட்டைப் போட்டுக்கிட்டாரு, பொத்தான் மாட்ட முடியல. "செபஸ்தியாம்பிள்ளை"ன்னு மச்சான் பேரைக் கூப்பிட்டதும் உள்ள போனோம். சிங்கள ஐயா ஒருத்தர், பக்கத்துல தமிழ் சொல்ற ஐயா ஒருத்தர். பிறந்த இடம், பிள்ளை படிச்ச பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டாங்க. மச்சான் நல்லாத்தான் சொன்னாரு. நிலையான வருமானம் என்னன்னு கேட்டதும் நான் சும்மா இருப்பேனா? எட்டு இதழையும் எடுத்து மேசையில வச்சேன். நீ அடக்கமா எழுதியிருந்தே, காட்ட வேணாம்னு. நம்ம பெருமையை நம்மளே மறைச்சா எவன்டா வந்து சொல்லப்போறான்?

அந்த ஐயா ஒவ்வொண்ணாப் புரட்டுனாரு. மில்லு படத்துல கை வச்சு, இது எங்க இருக்குன்னு கேட்டாரு. மச்சான் எழுந்து நின்னு, "திருச்சியிலங்க. எங்க பேரு அந்த மில் புத்தகத்துலயே இருக்குங்க"ன்னு சொன்னாரு. அவ்வளவு கம்பீரமா அவரு பேசி நான் பார்த்ததே இல்ல. ஐயா மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டு எழுதுனாரு எழுதுனாரு, ஒரு பக்கம் நிறைய எழுதுனாரு. அவரு எழுதுறதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வெளிய வந்ததும் ராக்காயிகிட்டயும் கங்காணிகிட்டயும், "செய்தித்தாளை மறக்காமக் காட்டுங்க, அதைத்தான் நல்லா எழுதிக்கிறாங்க"ன்னு சொல்லிக்கொடுத்தேன். அவங்களும் அப்படியே காட்டுனாங்களாம். மத்த குடும்பங்களும் அவங்கவங்க நாள்ல காட்டுவாங்க.

ஆனா தமிழ் சொன்ன ஐயா எங்களை ஒரு மாதிரி பார்த்தாரு தம்பி. ஏன்னு தெரியல. மச்சான் அது ஒண்ணுமில்லங்கிறாரு.

கடைசிப் பக்கத்துல பிழை பார்க்கச் சொன்னியே, நேரம் கிடைச்சதும் பார்க்கிறேன்.

அக்கா தெரேசா

*

பெரியமட்டம் தோட்டம்
22.4.1955

தம்பி கஸ்பருக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடல. சுகமில்லையோன்னு பயமா இருக்கு. இதைப் பார்த்ததும் எல்லா வேலையையும் போட்டுட்டு எழுது.

நோட்டீஸ் வந்திருச்சுடா. பதினெட்டாந்தேதி போட்டது. ஹட்டன் கோர்ட்டுல வழக்குப் பார்க்கிற பிரக்கிராசியார் ஐயா வாசிச்சுச் சொன்னாரு. மச்சானுக்கு இந்தியாவுல சொத்து இருக்காம். பணத்தை அங்க கொண்டுபோய்ப் போடுறவன் இங்க நிலையா இருக்கிற எண்ணம் இல்லாதவனாம். அதனால மனுவைத் தள்ள உத்தேசமாம். சொத்து! திருச்சி எந்தத் திக்குல இருக்குன்னே மச்சானுக்குத் தெரியாது. அவரு தாத்தா வந்த ஊரோட பேரே மறந்துபோச்சு. எல்லாம் நான் மேசையில எடுத்து வச்ச அந்தக் காகிதத்தால வந்தது. ராக்காயிக்கும் கங்காணிக்கும் அதே நோட்டீஸ். நான் சொல்லிக்கொடுத்துத்தானே காட்டுனாங்க? ஐயோ, என் வாயில மண்ணு விழ.

பிரக்கிராசியார் ஒரு வழி சொன்னாரு. மூணு மாசத்துக்குள்ள, அதாவது ஜூலை பதினெட்டுக்குள்ள, காரணம் காட்டலாம். டிரஸ்டுல இருந்து ஒரு கடிதம் வேணும். மில் பங்கு வாங்கினது டிரஸ்டோட முடிவு, இவங்களைக் கேட்கல, இப்ப இவங்க பேரை எடுத்தாச்சு, அப்படின்னு நாலு வரி. மனேஜர் கையெழுத்துப் போட்டா போதும், நிச்சயம் கேப்பாங்கங்கிறாரு. பதினோரு குடும்பத்துக்கும் ஒரே கடிதம் போதுமாம்.

நாலு வரிதான் தம்பி. நீ அங்கயே உட்கார்ந்திருக்கிறது தேவன் செஞ்ச உபகாரம்னு நினைச்சுக்கிறேன். பிலோமினாவுக்கு நான் தைரியம் சொல்லிட்டேன், மாமா பார்த்துக்குவாருன்னு.

தெரேசா

*

பெரியமட்டம் தோட்டம்
6.6.1955

தம்பிக்கு,

நாங்க இருக்கோம். நீ எப்படி இருக்கேன்னு தெரியல.

மே மாசத்துல ரெண்டு கடிதம், ஒரு தந்தி. ஒண்ணுக்கும் பதிலைக் காணோம். கங்காணி மருமகன் ஆபீசுக்கே வந்து கேட்டானாம், நீ வெளிய போயிருக்கேன்னு சொன்னாங்களாம். உனக்கு ஏதாச்சும் ஆகிருச்சா? காய்ச்சல்னா சொல்லு, மச்சானை அனுப்புறேன். கோபம்னா அதையும் சொல்லு. செய்தித்தாளைக் காட்டாதேன்னு நீ சொன்னதைக் கேட்காமப் போனேன், அது என் தப்பு. காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன். கடிதம் மட்டும் அனுப்பிடு.

கண்டியில கன்னியாஸ்திரி அம்மா ஆகஸ்டு கடைசி வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க. பிலோமினா தினம் தபால்காரன் வர்ற நேரத்துக்குத் தேயிலை ஸ்டோருக்கிட்ட போய் நிக்கிறா. நான் திட்டுறேன், ஆனா நானும் அந்த நேரத்துக்கு வாசல்லதான் நிக்கிறேன்.

ஜூலை பதினெட்டுக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கு.

தெரேசா

*

கொழும்பு
30.7.1955

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விரும்பும் தம்பி எழுதுவது. மே மாதம் முழுவதும் எனக்குக் காய்ச்சல். அதன்பின் மனேஜர் ஐயா சென்னைக்குப் போய்விட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. நீங்கள் கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூலை பன்னிரண்டாந்தேதி போட்டிருக்கிறது. பிரக்கிராசியாரிடம் காட்டுங்கள். தேதி தவணைக்குள் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம்.

மச்சானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

கஸ்பர்

*

பெரியமட்டம் தோட்டம்
9.8.1955

தம்பி கஸ்பருக்கு,

உன் கடிதம் ரெண்டாந்தேதி வந்தது. அன்னைக்கே ஹட்டனுக்கு ஓடினேன். பிரக்கிராசியார் உறையைப் பார்த்தாரு, கடிதத்தைப் பார்த்தாரு. "உள்ள என்ன தேதி போட்டா என்னம்மா, தபால் முத்திரை முப்பதுன்னு இருக்கே. தவணை முடிஞ்சு பன்னெண்டு நாள் கழிச்சில்ல அனுப்பியிருக்காங்க"ன்னு சொன்னாரு. ஆனாலும் மனசு கேட்காம அனுப்பி வச்சிருக்காரு. நம்பாதீங்கன்னும் சொல்லிட்டாரு.

வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியைத் திறந்தேன். விசாரணை ஐயா எட்டு இதழையும் திருப்பிக் கொடுத்திருந்தாரு. நீ பிழை பார்க்கச் சொன்ன நவம்பர் இதழை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிலோமினாவை விட்டு வாசிக்கச் சொன்னேன். என் கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்துத் தெரியல. "அக்டோபர் மாதம் விலகியோர்"னு ஆறு பேரு. நாலாவது பேரு கஸ்பர், கொழும்பு. பிள்ளை அதை வாசிச்சிட்டு, "மாமா பேரு மாதிரியே இருக்கும்மா"ன்னா.

உன் விசாரணை அக்டோபர் கடைசியில. அதுக்கு முன்ன உன் பேரை எடுத்துட்டே. மில்லுல பேர் இருந்தா தள்ளிருவாங்கன்னு உனக்கு அப்பவே தெரியும். அப்படித்தானே? இல்லைன்னு சொல்லுடா. நான் நம்புறேன்.

தெரேசா

*

கொழும்பு
25.8.1955

என் அக்காவுக்கு,

இல்லை என்று சொல்ல முடியவில்லை. தெரியும்.

போன வருடம் ஆகஸ்டு கடைசியில் ஆபீசுக்கு வந்த ஒரு வக்கீல் சொன்னார். மனேஜர் ஐயா எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டு, இந்தப் பேச்சு வெளியே போனால் மலைநாட்டுச் சேமிப்பாளர் ஒருவர் பாக்கியில்லாமல் விலகிவிடுவார்கள், டிரஸ்ட் ஒரே வாரத்தில் மூடிவிடும், உங்களுக்கும் வேலை இருக்காது என்றார். வேண்டுமானால் நீங்கள் மட்டும் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளுங்கள் என்றார். நான் விலகினேன். விலகியவர் பேரை அச்சிட்டே ஆகவேண்டும் என்பது டிரஸ்ட் விதி. என் பேரை நானே எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். அக்கா பார்ப்பார்கள், ஏனடா என்று கேட்பார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜனவரியில் அந்தக் கடிதம் எழுதியபோது நான்கு தடவை கிழித்தேன். ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அதையும் கிழித்தேன்.

காய்ச்சல் என்று எழுதியது பொய். மனேஜர் ஐயா சென்னைக்குப் போகவில்லை. உங்களுக்குக் கொடுத்தால் எல்லாத் தோட்டமும் விலகக் கேட்கும், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். தவணை முடியட்டும், பிறகு போட்டுத் தருகிறேன் என்றார். நான் வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வந்து, நானே சாட்சி என்று விசாரணை ஐயாவிடம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். பயம் அக்கா. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை.

பெரிய கோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம், செலவு என்னுடையது. பிலோமினாவை இங்கே அனுப்புங்கள், டைப்பிங் படிக்க வைக்கிறேன். ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கஸ்பர்

*

பெரியமட்டம் தோட்டம்
7.11.1955

கஸ்பருக்கு,

உன் கடிதம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. தம்பின்னு எழுத உட்காரும்போதெல்லாம் கை வரல. இன்னைக்கும் வரல, அதான் பேரை மட்டும் போட்டிருக்கேன்.

முடிவு ஓலை அக்டோபர்ல வந்துச்சு. தள்ளிட்டாங்க. எங்களை, ராக்காயி வீட்டை, கங்காணி வீட்டை. மிச்சம் எட்டுக் குடும்பத்துக்கும் மார்ச்சுலயும் ஏப்ரல்லயும் விசாரணை முடிஞ்சிருந்துச்சு, அவங்களுக்கும் ஒவ்வொண்ணா வருது. அப்பீலுக்குப் பிரக்கிராசியார் தலையை ஆட்டிட்டாரு. உங்க வீட்டுக்காரரே வாயால ஒத்துக்கிட்டு அது எழுத்துல இருக்கும்போது எந்தக் கோர்ட்டு கேட்கும்னுட்டாரு. உன் செலவு வேணாம்.

எல்லாரையும் பிள்ளைக்காம்பராவுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ முன்னாடியே விலகினதையும் சொன்னேன். மறைக்கச் சொல்லி மச்சான் கெஞ்சினாரு, நான் கேட்கல. மறைச்சுத்தானே இவ்வளவும். கங்காணி எழுந்து போயிட்டாரு, இப்ப என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாரு. ராக்காயி என்னைத் திட்டுவான்னு காத்திருந்தேன். திட்டல. "அப்ப நாங்க இனி எந்த ஊருக்காரங்க, தெரேசாக்கா?"ன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? அவ கேட்டதை இந்த ஜென்மத்துல மறக்கமாட்டேன்.

உன்னைச் சபிக்கல. எனக்கு உன்மேல கொள்ளை ஆத்திரம் இருக்கு, அது போகாது. நீ சின்னப்பிள்ளையில பயந்தா என் சேலைக்குப் பின்னால வந்து நிப்பே. இப்பவும் அப்படித்தான் பண்ணியிருக்கே, ஆனா இந்தத் தடவை என்னை முன்னால தள்ளிவிட்டுட்டே. டைப்பிங்குக்கு அவளை அனுப்பமாட்டேன். கண்டி இடத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துட்டாங்க. கன்னியாஸ்திரி அம்மா ரொம்ப வருத்தப்பட்டு எழுதியிருந்தாங்க.

பிலோமினா மூணு நாள் சாப்பிடல. அப்புறம் தானாவே தோட்டத்து ஆபீசுல கண்டாக்கு ஐயாக்கிட்டப் போய், கொழுந்து பறிக்கிறவங்க செக்ரோல்ல தன் பேரைப் பதிஞ்சிட்டு வந்தா. என்கிட்டக் கேட்கவே இல்ல. இன்னைக்குக் காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முதல் தடவையாப் போனா. கூடைக் கயித்தை நெத்தியில எப்படிப் போடுறதுன்னு அவளுக்குத் தெரியல, நான்தான் போட்டுவிட்டேன். கூடை முதுகுல ஏறினதும் ஒரு பக்கமா சாஞ்சா, அப்புறம் நேரா நின்னுக்கிட்டா.

போகும்போது, மாமாவுக்குக் கடிதம் எழுதப் போறேன், ஏதாச்சும் எழுதணுமான்னு கேட்டேன். கயித்தை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கிட்டா.

"சுகமா இருக்காங்களான்னு கேளுங்கம்மா"ன்னுட்டு இறங்கிப் போயிட்டா.

சுகமா இருக்கியா?

தெரேசா